உம் கொட்டிய சாரதி

ஊர் விட்டு ஊர் வந்தவன் மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்தும்போது, வண்டியைப் பார்ப்பதைவிட அதை ஓட்டுகிறவனைப் பார்த்து அமர்த்த வேண்டும். வண்டி பழுதானால் இறங்கி நடந்துவிடலாம். ஓட்டுகிறவன் அப்படி அல்லன். காலை முதல் மாலை வரை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு, அவன் விட்ட மூச்சை நாம் வாங்கிக்கொண்டு, ஒரே கூட்டுக்குள் அடைந்திருக்க வேண்டும். கடல் கடந்து வந்த எனக்கு இதை முன்னரே சொல்ல எவரும் இல்லை. இனி வருகிற யாத்திரிகர்களுக்காவது பயன்படட்டும் என்று முதலில் சொல்லி வைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எழுத்தரை அழைத்து உட்கார வைத்துவிட்டீர்கள், நன்று. நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். சென்ற மாதம் நீங்களே என்னிடம் ஒரு வாக்குமூலம் வாங்கினீர்கள். அதில் பொய் ஏதும் இல்லை. விடுபட்டது ஒன்று உண்டு. அதைச் சேர்க்கவே வந்தேன். தண்ணீர் வேண்டாம். உங்கள் பானையைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். வெளியில் நான் எங்கும் குடிப்பதில்லை.

என் பெயர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்தில் பண்டிதர் என்றால் விளங்கும். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கொடியேறும் நாளன்று முதற்பதிகம் பாடும் உரிமை எங்கள் குடும்பத்தினுடையது. பாட்டனார் பாடினார், தந்தையார் பாடினார், நான் பாடுகிறேன். இடையில் ஒரு நாவும் புகுந்ததில்லை. வருகிற தையில் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு. அதற்கு முன் தொண்டை நாட்டுக் கடற்கரைத் தலங்களுக்கு வந்து, அந்தந்தத் தலத்துப் பதிகத்தை அந்தந்தச் சந்நிதியில் நின்று பாடிச் செல்வதாக நேர்ந்துகொண்டேன். நேர்த்தி தூயதாக நிறைவேறினால்தான் குடமுழுக்கில் வாய் திறக்கும் தகுதி எனக்கு உண்டு. இல்லையென்றால் என் சிற்றப்பன் மகன் பாடுவான். அவனுக்குச் சந்தம் வராது.

திருவொற்றியூரில் ஒரு சத்திரத்தில் தங்கினேன். போர் முடிந்தும் பெட்ரோல் பங்கீடு முடியாத காலம் இது என்பதை நீங்கள் அறிவீர்கள். வண்ணாரப்பேட்டையில் ஹபீபுல்லா என்பவர் பழைய கார்களுக்குப் பின்னால் கரி உலை பொருத்தி, கரிவாயுவில் ஓடவைத்து வாடகைக்கு விடுகிறார் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பண்பான மனிதர். ஓட்டுபவன் எந்தக் குடி என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிச் சிரித்தார்.

“ஸ்டீரிங் புடிக்கிற கை நல்ல கை சாமி. ஜாதிய லைசென்சுல எழுதறது இல்லியே.”

நானும் சிரித்தேன். அப்போது வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். என்னைவிட ஓரிரு வயது மூத்தவனாக இருப்பான். நரைத்த மீசை. நெற்றி நிறைய நீறு. எங்கள் ஊரில் அப்படிப் பட்டையாகப் பூசிய நெற்றி ஒரு முகவரிபோல. பிறப்பு இன்னது, அடுக்களை இன்னது என்று அதிலேயே படித்துவிடலாம். இந்தக் கரையில் நீறு எவர் நெற்றியிலும் ஏறும் என்பதை நான் அறியவில்லை. இந்த விவகாரத்தில் நான் செய்த பிழை அது ஒன்றே.

அவன் பெயர் வேம்பு.

முதல் நாளே வண்டியின் பின்புறம் என்னை அழைத்துச் சென்று உலையைக் காட்டினான். ஆள் உயர இரும்பு உருளை. மேலே கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு மூட்டி, கைவிசிறியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் வெகுநேரத்துக்குப் பின் வாயு பிறக்கும். அது இருக்கைகளின் அடியில் ஓடும் ஒரு குழாய் வழியாக முன்னால் உள்ள எஞ்சினுக்குப் போகும். ஒருமுறை அணைத்தால் மறுபடி மூட்டுவது பெரும்பாடு. ஆகவே இந்தச் சாரதிகள் எங்கே நிறுத்தினாலும் உலையை அணைப்பதில்லை. காற்றுத்துளையைச் சிறிதாக்கி, கனலை உறங்கவைத்துக் காத்திருப்பார்கள். இருக்கைக்கு அடியில் அந்தக் குழாயில் ஒரு மூட்டு தேய்ந்திருந்தது. தினமும் களிமண் அப்பி ஈரச்சாக்கைச் சுற்றுவான்.

“ஓடச்சொல்ல ஒண்ணியும் கெடியாது சாமி, இன்ஜின் இஸ்துக்கும். நின்னாக்கா உலையில கீற வாயு எங்க போவும்? இந்த மூட்டு வழியா உள்ள பூந்துடும். வாசனை கெடியாது, ஒண்ணும் கெடியாது. அதான் சொல்றேன், நிக்கச்சொல்ல கண்ணாடிய மட்டும் முழுசா ஏத்திடாதீங்க.”

பெரம்பூரில் அவனுடைய தோழன் லட்சுமணன் என்பவன், மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு வண்டியிலேயே படுத்தானாம். எழுப்பப் போனவர்கள், செத்துக் கிடந்த அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போலச் சிவந்திருப்பதைப் பார்த்து, நல்ல தூக்கம் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்களாம். இதை வேம்பு சொன்னபோது நான் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தேன். அவன் வாயில் வெற்றிலை இருந்தது.

ஐயா, பழம்பாடல்களில் நெய்தல் நிலம் வரும். கழி வரும், கானல் வரும், தாழை வரும், மீன் உணங்கும் மணலும் வரும். படித்திருக்கிறேன்; பாடம் சொல்லியிருக்கிறேன்; கண்ணீர் விட்டும் இருக்கிறேன். ஆனால் பாட்டில் வருகிற புலவு நாற்றம் மூக்கில் ஏறுவதில்லை. ராயபுரத்தில் ஏறிற்று. கால்வாயின் கறுப்பு நீர், தோல் ஊறும் தொட்டிகள், எண்ணெய்த் தொட்டிகளின் கரும்பிசுக்கு, சாலையோரம் பாயில் விரித்த கருவாட்டின்மேல் ஊர்கிற ஈ. இவற்றின் நடுவே கரிப்புகை கக்கும் ஒரு வண்டியில், ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, நான் வாய்க்குள் பதிகம் சொல்லிக்கொண்டு போனேன். அது என் நித்திய பாராயணம். வண்டி ஓடினாலும் நிற்காது.

அப்போதுதான் அந்த ஒலியைக் கேட்டேன். நான் ஓர் அடி சொல்லி முடித்ததும் முன்னிருக்கையிலிருந்து “உம்” என்று வந்தது. அடுத்த அடி. “உம்.” கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த உம். தேன் கிண்ணத்தில் ஈ விழுந்ததுபோல ஒவ்வோர் அடியின் முடிவிலும் அது வந்து விழுந்தது. முன்னால் தொங்கிய சிறு கண்ணாடியில் அவன் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மாட்டுவண்டியில் போகிறவன், மாடு தலையாட்டுகிறது என்று பாட்டை நிறுத்துவானா? அவனை நான் கேட்பவனாகவே கொள்ளவில்லை. அவன்தான் என்னைச் சொல்பவனாகக் கொண்டுவிட்டான். வாடகைக்கு வருகிறவர்கள் சாரதியிடம் பேசுவார்கள், விலைவாசியோ வீட்டுக் கதையோ ஏதோ ஒன்று. இந்தச் சாமி பேசுவது பாட்டு என்று அவன் எண்ணிக்கொண்டான். தனக்காகத்தான் ஓதப்படுகிறது என்று நம்பினான். அது அவனுடைய பிழை. என் தலையில் அதை வைக்கக் கூடாது.

அடுத்த வெள்ளியன்று டோல்கேட் அருகில் மர நிழலில் அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தான். கருவாட்டு மணம் வண்டிக்குள் வந்தது. உன் வீடு எங்கே என்று கேட்டேன். “புளியந்தோப்பு சாமி” என்றான். எந்தத் தெரு, எந்தச் சனம் என்று கேட்டேன். அதையும் சொன்னான். குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டியதை, இன்று மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு, விரலைச் சப்பினான்.

அன்று முழுவதும் எனக்கு அன்னம் இறங்கவில்லை. சத்திரத்துக் கிணற்றடியில் நீராடினேன். உடுத்ததை அங்கேயே விட்டேன். ஹபீபுல்லாவிடம் வேறு ஆள் கேட்டேன். அந்த வண்டியின் உலைக்குப் பழகியவன் வேம்பு ஒருவனே என்றார். வேறு வண்டியும் இல்லை. ஆகவே நான் என் அளவில் ஒழுங்கு செய்துகொண்டேன். என் பாயை இருக்கையில் விரித்தேன். கதவின் கைப்பிடியைத் துண்டின் நுனியால் பிடித்தேன். அவன் என் பக்கம் திரும்பாதபடி, செல்ல வேண்டிய தலத்தின் பெயரை மட்டும் சொன்னேன். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. கூலியில் குறை வைத்ததில்லை. ஹபீபுல்லாவைக் கேளுங்கள், என்னைப்போல் சாதுவான வாடகைக்காரரை அவர் கண்டதில்லை என்பார்.

பாராயணத்தை நிறுத்தவும் இல்லை. அவனுக்காக இறைவன் புகழை நிறுத்துவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகிவிடும்.

சில நாட்களில், காலையில் விசிறியைச் சுழற்றிக்கொண்டே அவன் பாடுவதைக் கேட்டேன். அதே பதிகம். கரி மூட்டையின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு பாடினான். எங்கள் முன்னோர் பட்டினி கிடந்து, நீராடி, ஈர உடையோடு தொட்ட சொற்கள் அவன் நாக்கில் உருகிக் குழைந்து விழுந்தன. எச்சில் இலையில் எடுத்துப் படைத்த நிவேதனம்போல இருந்தது. ஓர் அடியில் சொல்லை மாற்றியே பாடினான். இறைவன் அணிந்ததை இறைவன் உண்டதாக்கிவிட்டான். என்னால் தாங்க முடியவில்லை. சரியான சொல்லைச் சொன்னேன். அவன் விசிறியை நிறுத்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, திருத்தியபடி பாடிக் காட்டினான். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னான். சரியாக இருந்தது.

இதை நீங்கள் வேறு விதமாக எழுதிவிடக் கூடாது. நான் திருத்தியது பதிகத்தை. அவனை அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொன்னேரிப் பாதையில் ஒருநாள் எதிரே மாட்டுமந்தை வந்தது; அவன் கவனம் அதில் இருந்ததால் உம் கொட்டவில்லை. நான் அடுத்த அடிக்குப் போகாமல் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே சற்றுப் பின்தான் விளங்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தேன். அவன் ஓடிவந்து முதுகைத் தடவக் கை நீட்டினான். “தொடாதே” என்றேன். “கரிக் கை சாமி, ஞாபகம் இல்ல” என்று வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அவனுடைய மனைவி சொக்கம்மாள் ஒருநாள் சத்திரத்து வாயிலில் வந்து நின்றாள். பெற்ற பிள்ளைகளை எல்லாம் மண்ணுக்குக் கொடுத்தவளாம். ஒற்றியூர் அம்மன் முன் ஒருமுறை நின்று முறையிட வேண்டும் என்பது அவள் ஆசை. கோயில்களை எல்லோர்க்கும் திறந்துவிட வேண்டும் என்று இந்த மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டதே. எங்கள் நாட்டில் இன்னும் அந்தக் கேடு வரவில்லை. அவள் பேசவில்லை, அவன்தான் பேசினான்.

“இத்தினி நாளு கோபுரத்த மட்டுந்தான் பாத்துக்கினு கீறோம் சாமி. இப்ப தொறந்து வுட்டாங்க, ஆனா உள்ள போயி எங்க நிக்கணும், எங்க வுழுந்து கும்புடணும்னு ஒண்ணியும் தெரியாது. எவனாவது சிரிச்சிட்டா இது செத்துடும். நீங்க முன்னால போனா நாங்க பின்னாலயே வந்துடுவோம்.”

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று பொருள். இங்கே ஆகட்டும் என்று பொருளாம்.

திருவொற்றியூரில் ஒரு சைவ சபை உண்டு. அதன் தலைவர் ராமசுப்பு, ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி, சீர்திருத்தம் பேசுகிறவர். கோயில் மண்டபத்தில் என்னைப் பேசவும் பாடவும் அழைத்திருந்தார். மாலை வேளை, நல்ல கூட்டம். பதிகத்தை எடுத்து, முதல் அடியைப் பாடி நிறுத்தினேன். பின்னால், தூணருகில் இருந்து “உம்” என்றது ஒரு குரல்.

கூட்டம் திரும்பிற்று. வேம்பு நின்றான். தலைக்குக் குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். அருகில் சொக்கம்மாள், முந்தானையை இரு கையாலும் பற்றிக்கொண்டு. எவரோ சிரித்தார்கள். அவள் தலை குனிந்தது. ராமசுப்பு எழுந்து போய் அவர்களை முன்னால் அழைத்து வந்து, பதிகம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான் வேம்பு. பாடச் சொன்னார். பாடினான். நான் திருத்திய இடத்தில் என்னைப் பார்த்து, சரியாகச் சொன்னான்.

யாரிடம் கற்றாய் என்று கேட்டார் ராமசுப்பு.

“எங்க சாமிதான் சொல்லிக்குடுத்தாரு. வண்டியிலியே. நான் உம் கொட்டுவேன், அவுரு அடுத்த அடி சொல்லுவாரு.”

மண்டபம் முழுவதும் அரகர என்றது. அழுதார்கள், ஐயா. முதியவர்கள் அழுதார்கள். இந்தச் சட்டம் வந்த பின்னும் தங்களால் செய்ய முடியாததை ஈழத்திலிருந்து வந்த பண்டிதர் ஓசையின்றிச் செய்துவிட்டார் என்று ராமசுப்பு தழுதழுத்தார். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளுக்கும் எழுதுவதாகச் சொன்னார். எனக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்து வேம்புவின் கழுத்தில் போட்டார். அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் கழுத்திலிருந்து அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, என் கால்களைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

மாலை ஈரமாக இருந்தது. பூவின் ஈரமா அவன் கழுத்தின் ஈரமா என்று நான் நின்று ஆராயவில்லை. என் மார்பில், என் தந்தையார் கட்டிய உருத்திராக்கத்தின்மேல், அது ஒட்டிக்கொண்டது. சொக்கம்மாள் அம்மன் சந்நிதியைப் பார்த்து ஏதோ வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை அன்று கண்ட எவரும் இன்று நான் சொல்வதை நம்பமாட்டார்கள். அதற்காகவே உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அந்தச் செய்தி அச்சானால் என்ன நேரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் நேர்த்தி தீட்டு என்பார்கள். கொடியேற்றத்தில் என் வாய் மூடும். மூன்று தலைமுறையாக ஒருவர் நாவிலிருந்து ஒருவர் நாவுக்கு வந்தது, புளியந்தோப்புச் சாரதியின் நாவில் போய் முடிந்தது என்று ஆகும்.

மறுநாள் எண்ணூருக்கு வண்டியை விடச் சொன்னேன். கழி கடலோடு கூடும் இடத்தில் நீராடி, நேர்ந்த குற்றத்தைக் கழுவுவது என் எண்ணம். அது ஒன்றே எண்ணம். வேம்பு வழியெல்லாம் கொட்டாவி விட்டான். தன் தெருவில் இரவெல்லாம் தூங்க விடவில்லை என்று வெட்கத்தோடு சொன்னான். மாலை வாங்கியவன் முகத்தைப் பார்க்க ஆள் மாற்றி ஆள் வந்தார்களாம். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் அவனைப் பாடச்சொல்லிக் கேட்டுவிட்டு, “இன்னாடா வேம்பு, சாமியாராயிட்டியா? நாளைலேந்து கருவாட்டுக் கொழம்பு எனக்கா?” என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிறகு, அடுத்த பதிகத்தை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டான். தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாமா என்று கேட்டான்.

நான் ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

உப்பளங்களுக்கு அப்பால் வண்டியை நிறுத்தினான். வானம் இருண்டு வந்தது. கனலை உறங்கவைத்து, கண்ணாடிகளை ஒரு சாண் இறக்கிவிட்டு, முன்னிருக்கையில் ஒருக்களித்துப் படுத்தான். நான் போய் நீராடினேன். நீர் கலங்கலாக இருந்தது. எத்தனை முறை முழுகியும் கழுத்தில் அந்த ஈரம் போகவில்லை.

திரும்பி வருகையில் மழை பிடித்துக்கொண்டது. இறக்கிவிட்ட கண்ணாடியின் இடைவெளி வழியாகச் சாரல் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் விழிக்கவில்லை. அத்தனை அசதி. வண்டியின் பின்னால் உலையின் துளையில் கனல் சிவப்பாகத் தெரிந்தது. நான் கதவருகில் நின்றேன். அவன் உதடுகள் அசைந்தன. உறக்கத்திலும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

துண்டின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, பின்கதவுகளைத் திறந்து அவற்றின் கண்ணாடிகளை ஏற்றிச் சாத்தினேன். பிறகு முன்பக்கம் மறுபுறத்தில் ஏற்றினேன். கடைசியாக அவன் தலைமாட்டுக் கதவைத் திறந்து கைப்பிடியைச் சுற்றும்போது அது கிறீச்சிட்டது. அவன் கண்ணைப் பாதி திறந்தான். என்னைப் பார்த்தான். மழையில் ஈர உடையோடு நின்று தன்மேல் சாரல் விழாமல் காக்கிறேன் என்று எண்ணிக்கொண்டான்போலும். இரு கையையும் குவிக்க முயன்றான். தூக்கத்தில் ஒன்றுதான் எழுந்தது.

“நனையாதீங்க சாமி. சளி புடிச்சிக்கும்.”

அவ்வளவுதான். மறுபடி உறங்கிவிட்டான். கண்ணாடி மேல்விளிம்பைத் தொட்டதும் கதவை ஓசையின்றிச் சாத்தினேன்.

அருகில் உப்பளத்துக்காரர்களின் ஓலைக் கொட்டகை ஒன்று ஆளில்லாமல் இருந்தது. அங்கே நின்று, வண்டியைப் பார்த்தபடி, பதிகம் முழுவதையும் பாடினேன். ஓர் அடியையும் விடவில்லை. மழையோசைக்கு மேலே குரல் நன்றாக எழுந்தது. இந்த யாத்திரையில் அன்று பாடியதுபோல் எங்கும் பாடவில்லை. இடையில் எவரும் உம் கொட்டவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை முதலிலிருந்து பாடினேன். மழை நிற்கும் வரை பாடினேன்.

பிறகு உப்பளத்து ஆட்கள் வந்தார்கள். சாரதி எழவில்லை, பாருங்கள் என்றேன். அவர்கள்தான் கதவைத் திறந்தார்கள், அவர்கள்தான் தூக்கினார்கள். முகம் சிவந்து, நல்ல உறக்கத்தில் இருப்பவனைப்போல இருந்தான். மழைக்குத் தானே கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருப்பான் என்று அவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். தேய்ந்த குழாயை மாற்றாத குற்றத்துக்கு ஹபீபுல்லாமேல் வழக்கு வைத்தீர்கள். அவருக்காக இன்று நான் வரவில்லை. ஆயினும் இதனால் அவர் விடுபடுவார் என்றால் விடுபடட்டும். என்னிடம் முறையாகவே நடந்துகொண்டார்.

சொக்கம்மாள் சத்திரத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாயிலிலேயே நின்றாள்.

“அவுர எடுக்கச்சொல்ல அந்தப் பாட்ட யாரும் பாடல சாமி. எங்க ஆளுங்களுக்குத் தெரியாது. நீங்க ஒருவாட்டி வந்து அந்த எடத்துல பாடிட்டுப் போங்க. உங்க கொரல்னா அவுருக்குத் தெரியும்.”

இடுகாட்டில் அதைப் பாடுவது மரபன்று என்றேன். அவள் தலையசைத்தாள். கேட்டது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இத்தோடு முடிந்தது என்றே எண்ணினேன். தனுஷ்கோடிக்கு ரயில் ஏறும் நாளும் குறித்தாகிவிட்டது. அப்போது ராமசுப்பு வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வேம்புவின் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பதிக வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். அதற்குக் கோயில் மதிலருகே ஒரு கல் நடுகிறார்களாம். என் பெயரும் அவன் பெயரும் அதில் அடுத்தடுத்து வரும். என் பெயருக்குமுன் குரு என்றும், அவன் பெயருக்குமுன் சீடன் என்றும். கல் வந்துவிட்டது. கல்தச்சன் கோடு போட்டுவிட்டான். ஊர் ஊராக எழுதியும் ஆயிற்று. வேண்டாம் என்று கெஞ்சினேன். இந்த அடக்கத்தையும் கல்லில் சேர்க்க வேண்டும் என்றார்.

நான் செத்தாலும் அந்தக் கல் நிற்கும், ஐயா. பிள்ளைகள் அதன் முன் நின்று, என் பெயரையும் அவன் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்று இரவாக எனக்கு உறக்கம் இல்லை. வேறு வழிகளை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு வழிதான் உண்டு. கொலையாளியின் பெயரைக் கோயில் மதிலில் எவரும் வெட்டமாட்டார்கள். தச்சன் உளியை எடுப்பதற்கு முன் இங்கே வந்துவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் நடந்தே வந்தேன். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுத்தர் ஏதேனும் எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கண்ணாடிகளை ஏற்றியது நான். ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அறிந்தே ஏற்றினேன். வேம்புவைக் கொன்றவன் நான். தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுங்கள், கையொப்பம் இடுகிறேன். நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன், தூக்குமேடையிலும் இதையே சொல்வேன், ஒரு சொல்லையும் மறுக்கமாட்டேன். அவனுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்பதை மட்டும் மறுக்கிறேன்.